ஜேக்கோபி முறை இணையாக ஓடியும் விடை ஏன் தாமதமாகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கனசதுரத்துக்குள் வெப்பம் பரவி நிலைபெறும் விதத்தைக் கணக்கிட, ஒவ்வொரு திசையிலும் 100 புள்ளிகள் வீதம் மொத்தம் 10 லட்சம் மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்க வேண்டும். கையில் 64 செயலிகள் இருக்கின்றன. தோராய விடையைச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும் ஜேக்கோபி முறையில் நிரல் எழுதினால் அது 64 செயலிகளிலும் அழகாகப் பிரிந்து ஓடுகிறது, ஆனால் விடை வந்துசேர ஆயிரக்கணக்கான சுற்றுகள் பிடிக்கின்றன. காஸ்–சைடல் முறை சுற்றுகளைக் குறைக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன, ஆனால் அதை இணையாக்க வழி தெரியவில்லை. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் சமன்பாடுகளின் கெழுக்களைக் கொண்ட அணி சமச்சீரானது, அதன் ஐகன் மதிப்புகள் (அணியின் தன்மையைச் சுட்டும் சிறப்பு எண்கள்) எல்லாம் மிகை எண்கள். ஆகவே, தகுந்த முன்சீராக்கியுடன் (சுற்றுகளைக் குறைக்கும் துணை உத்தி, பின்னால் விளக்குகிறேன்) கூடிய கான்ஜுகேட் கிரேடியன்ட் முறைக்கு, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய திருத்தங்களைக் கெடுக்காத புதிய திசையில் விடையைத் திருத்தும் முறைக்கு, செல்லுங்கள் என்பதே நேரடிப் பதில். ஆனால் அந்தப் பதில் ஏன் சரி என்று தெரியாமல் அதை எடுத்துக்கொண்டால் அடுத்த சிக்கலில் மீண்டும் இதே இடத்தில் வந்து நிற்க நேரிடும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

10 லட்சம் மாறிகளுக்கான அணியை முழுமையாக எழுதினால் ஒரு லட்சம் கோடி உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்றால் 8 டெராபைட் ஆகும். ஆனால் வெப்பப் பரவல் சமன்பாட்டில் ஒரு புள்ளி தன்னோடும் தன் ஆறு அண்டைப் புள்ளிகளோடும் மட்டுமே தொடர்பு கொண்டிருப்பதால், ஒரு நிரையில் அதிகபட்சம் 7 உறுப்புகளே சுழியமற்றவை, மொத்தம் 69,40,000. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கி நேரடியாகத் தீர்க்கும் காஸ் நீக்கல் முறையில் இறங்கினால், சுழியமாக இருந்த இடங்களில் புதிய எண்கள் முளைத்து இந்த ஐதான அமைப்பைக் கெடுத்துவிடும். முப்பரிமாணச் சிக்கல்களில் இந்த நிரம்பல் மிகக் கடுமையானது. இருபரிமாணத்தில் சில லட்சம் மாறிகள் வரை, ஐதான அணிகளுக்கென்று எழுதப்பட்ட நேரடி முறைகளே பெரும்பாலும் சிறந்தவை என்பது என் கருத்து. அங்கே ஜேக்கோபியைப் போலச் சுற்றுச் சுற்றாகத் திருத்தும் மறுசெய்கை முறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் சிக்கல் முப்பரிமாணம் என்பதால்தான் மறுசெய்கை முறைகளுக்கு வருகிறோம்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றே மாறிகளில் பார்த்துவிடலாம். க, ச, ட என்ற மூன்று மாறிகளுக்கு 4க − ச = 3, −க + 4ச − ட = 2, −ச + 4ட = 3 என்ற சமன்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் 1 என்பதே விடை. எல்லாவற்றையும் 0 எனத் தொடங்கினால், ஜேக்கோபி முறை முதல் சுற்றில் 0.75, 0.5, 0.75 என்றும், இரண்டாம் சுற்றில் மூன்றையும் 0.875 என்றும் தருகிறது. ஒவ்வொரு மாறியும் முந்தைய சுற்றின் மதிப்புகளை மட்டுமே பயன்படுத்துவதால், மூன்றையும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கணக்கிடலாம். காஸ்–சைடல் முறையிலோ புதிதாகக் கிடைத்த மதிப்பு உடனே அடுத்த மாறிக்குப் போகிறது: முதல் சுற்றில் 0.75, 0.6875, 0.921875, இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 0.922, 0.961, 0.990. விடையை விரைவாக நெருங்குகிறது; ஆனால் ச கிடைக்கும் வரை ட-வைக் கணக்கிடுபவர் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு சிறு மாற்றம் செய்வோம். க-வும் ட-வும் ஒன்றையொன்று நேரடியாகச் சார்ந்தவை அல்ல. ஆகவே அவற்றுக்குச் சிவப்பு, ச-வுக்குக் கறுப்பு என்று நிறம் கொடுத்து, முதலில் சிவப்பு மாறிகளை ஒருசேரவும் பிறகு கறுப்பு மாறிகளை ஒருசேரவும் புதுப்பித்தால், முதல் சுற்றில் க-வும் ட-வும் 0.75, ச 0.875, இரண்டாம் சுற்றில் க-வும் ட-வும் 0.96875, ச 0.984375. காஸ்–சைடலின் வேகம் ஏறக்குறைய அப்படியே கிடைக்கிறது. இணையாகச் செய்யவும் முடிகிறது. உங்கள் கனசதுரத்திலும் சதுரங்கப் பலகையைப் போல மாறிமாறி நிறமிட்டால், 5 லட்சம் சிவப்புப் புள்ளிகளை ஒரே நேரத்திலும் 5 லட்சம் கறுப்புப் புள்ளிகளை அடுத்தும் புதுப்பிக்கலாம். ஆகவே காஸ்–சைடல் முறையை இணையாக்கவே முடியாது என்ற முடிவுக்கு வர வேண்டாம். மாறிகளை எந்த வரிசையில் தொடுகிறோம் என்பதை மாற்றினால் போதும். அணியின் அமைப்பு ஒழுங்கற்றதாக இருந்தால் இரண்டு நிறங்கள் போதாமல் பல நிறங்கள் தேவைப்படும், அவ்வளவுதான்.

ஆனாலும் இது உங்கள் சிக்கலைத் தீர்க்காது. எண்களைப் பாருங்கள். உங்கள் புள்ளிக் கட்டத்துக்கு ஜேக்கோபி முறையின் நிறமாலை ஆரம், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பிழை எந்த விகிதத்தில் சுருங்குகிறது என்பதைச் சொல்லும் எண், பை வகுத்தல் 101 என்ற கோணத்தின் கொசைன், ஏறத்தாழ 0.9995. பிழையை 10 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஏறக்குறைய 28,500 சுற்றுகள் தேவை. காஸ்–சைடல் முறைக்கு அதில் பாதி, சுமார் 14,300. இரண்டுமே பயனற்றவை. 1950-இல் டேவிட் யங் தம் ஹார்வர்ட் ஆய்வேட்டில் ஆராய்ந்த மிகைத் தளர்வு முறையில், அதாவது ஒவ்வொரு திருத்தத்தையும் தளர்வுக் காரணி என்ற எண்ணால் பெருக்கிச் சற்று மிகையாகவே செய்யும் முறையில், அந்தக் காரணியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இது ஏறத்தாழ 220 சுற்றுகளுக்கு இறங்கிவிடுகிறது. சிவப்பு–கறுப்பு வரிசையிலும் அந்த வேகம் குறைவதில்லை. ஆனால் அந்தச் சரியான காரணியை முன்கூட்டியே சொல்ல முடிவது இத்தகைய ஒழுங்கான மாதிரிச் சிக்கல்களில் மட்டும்தான். கான்ஜுகேட் கிரேடியன்ட் முறைக்கு அப்படி எந்தக் காரணியும் தேவையில்லை. அதன் சுற்றுகளுக்கான கோட்பாட்டு மேல்வரம்பு உங்கள் கட்டத்துக்கு ஏறத்தாழ 470.

ஜேக்கோபிக்கு 28,500, கான்ஜுகேட் கிரேடியன்டுக்கு 470. ஏன் இந்த வேறுபாடு? இந்த இடத்தில்தான் பலரும் இணைச் செயலாக்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கனசதுரத்தின் ஒரு மூலையில் வெப்பம் மாறினால் எதிர்மூலையின் விடையும் மாற வேண்டும். அண்டைப் புள்ளிகளின் முந்தைய சுற்று மதிப்புகளை மட்டும் பயன்படுத்தும் எந்த முறையிலும் ஒரு சுற்றில் ஒரு புள்ளியின் செய்தி ஒரு படிதான் நகர்கிறது. மூலைக்கு மூலை 297 படிகள் இருக்கின்றன. செய்தி போய்ச்சேரவே அத்தனை சுற்றுகள் ஆகும்போது, விடை அதற்கு முன் எப்படிச் சரியாகும்? ஜேக்கோபி அதைவிடவும் மோசம்: செய்தி நேராகப் பயணிக்காமல் ஒவ்வொரு படியிலும் சராசரியாகிக் கரைந்துபோவதால், ஒரு பக்கத்தின் புள்ளிகள் இரட்டித்தால் சுற்றுகள் நான்கு மடங்காகின்றன, கான்ஜுகேட் கிரேடியன்டில் இரண்டு மடங்கே ஆகின்றன. காஸ்–சைடலில் மாறிகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பது இணையாக்கத்துக்கு இடையூறாகத் தெரிந்தாலும், செய்தி ஒரே சுற்றில் வெகுதூரம் போவதற்கு அதுவே வழி. சார்பை அறுத்தால் இணைத்தன்மை கிடைக்கிறது. அதற்கு ஈடாகச் சுற்றுகள் கூடுகின்றன. இணை மறுசெய்கை முறைகளின் வரலாறு முழுவதுமே இந்தக் கொடுக்கல் வாங்கலைக் குறைந்த செலவில் முடிக்கும் முயற்சிதான் என்று நான் நினைக்கிறேன்.

வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. காஸ் 1823-இல் தம் முன்னாள் மாணவர் கெர்லிங்குக்கு எழுதிய கடிதத்தில், மீதம் (இப்போதைய மதிப்புகளை இட்டால் சமன்பாட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடு) மிகப் பெரியதாக இருக்கும் சமன்பாட்டை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்து அதை மட்டும் திருத்திக்கொண்டே போகும் வழியைக் காட்டி, இதை அரைத் தூக்கத்தில்கூடச் செய்யலாம் என்கிறார். காகிதத்தில் கணக்குப் போடும் மனிதருக்கு மிகப் பெரிய மீதம் எதுவென்று பார்ப்பது ஒரே பார்வையில் முடிகிற வேலை. 64 செயலிகளுக்கோ எல்லாரும் கூடி முடிவெடுக்க வேண்டிய வேலை. ஒரே ஒரு மாறியைத் திருத்துவதற்காக எல்லாரும் நின்று காத்திருக்க வேண்டும். எந்தச் செயல் மலிவு, எந்தச் செயல் விலை அதிகம் என்பதைக் கணக்கிடும் கருவிதான் தீர்மானிக்கிறது.

ஆகவே இன்றைய கருவியில் எது விலை அதிகம் என்று பார்ப்போம். ஐதான அணியை ஒரு திசையனோடு பெருக்கும்போது, சுழியமற்ற ஒவ்வோர் உறுப்புக்கும் 8 பைட் மதிப்பும் அது அணியின் எந்தச் செங்குத்து வரிசையில் இருக்கிறது என்பதற்கு 4 பைட்டும் நினைவகத்திலிருந்து வர வேண்டும். அந்த 12 பைட்டுக்கு நடப்பது ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் மட்டுமே. நொடிக்கு 200 ஜிகாபைட் கொண்டுவரும் நினைவகம் இருந்தால், செயலி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் நொடிக்கு 3,300 கோடிச் செயல்களைத் தாண்ட முடியாது. ஜப்பானின் கோபே நகரில் உள்ள ஃபுகாகு கணினி, அடர் அணிகளைத் தீர்க்கும் லின்பேக் சோதனையில் 442 பெட்டாஃப்ளாப்ஸ் வேகம் காட்டியது (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு 10 கோடி கோடிச் செயல்கள்). கான்ஜுகேட் கிரேடியன்ட் முறையையே அடிப்படையாகக் கொண்ட மற்றொரு சோதனையில் 16 பெட்டாஃப்ளாப்ஸ்தான். அதாவது நூற்றுக்கு நான்குகூட இல்லை. எண்களைக் கூட்டிப் பெருக்குவதைவிட அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கே இங்கு நேரம் போகிறது.

செயலிகளுக்கிடையே நடக்கும் போக்குவரத்து இரண்டு வகை. முதலாவது, அண்டைச் செயலிகளோடு விளிம்பு மதிப்புகளைப் பரிமாறிக்கொள்வது. கனசதுரத்தை ஒவ்வொரு திசையிலும் நான்காக வெட்டி 64 சிறு கனசதுரங்கள் ஆக்கினால், ஒரு செயலிக்கு 25 புள்ளி பக்கமுள்ள 15,625 மாறிகள் கிடைக்கும். உள்ளே இருக்கும் ஒரு செயலி ஆறு பக்கங்களிலிருந்தும் 625 வீதம் 3,750 மதிப்புகளைப் பெற வேண்டும். மாறாக, 50 செயலிகளைக் கொண்டு ஒரே திசையில் பட்டை பட்டையாக வெட்டினால், ஒரு செயலிக்கு 20,000 மாறிகளும் இரு பக்கங்களிலிருந்தும் பெற வேண்டிய 20,000 மதிப்புகளும் அமையும். கையில் இருப்பதும் கேட்டுப் பெறுவதும் சமமாகிவிட்டால் இணையாக்கத்தில் என்ன பயன்? ஒழுங்கற்ற வலைகளுக்கு இந்த வெட்டும் வேலையை மெட்டிஸ் போன்ற கோட்டுருப் பகுப்பு நிரல்கள் செய்து தருகின்றன. மேலும், விளிம்பு மதிப்புகள் வந்துகொண்டிருக்கும்போதே உள்பகுதியைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால், இந்தச் செலவைப் பெரும்பாலும் மறைத்துவிட முடியும்.

இரண்டாவது வகையை மறைப்பது அவ்வளவு எளிதல்ல. கான்ஜுகேட் கிரேடியன்ட் முறையின் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி–திசையன் பெருக்கல், மூன்று திசையன் திருத்தங்கள், இரண்டு உட்பெருக்கங்கள் உள்ளன. உட்பெருக்கம் என்பது இரண்டு திசையன்களின் உறுப்புகளைச் சோடி சோடியாகப் பெருக்கி மொத்தத்தைக் கூட்டுவது. ஒவ்வொரு செயலியும் தன் பங்கைக் கூட்டிய பிறகு, எல்லாருடைய கூட்டுத்தொகையும் ஓர் எண்ணாகச் சேர்ந்து, அந்த எண் எல்லாருக்கும் திரும்பி வர வேண்டும். 64 செயலிகளுக்கு இது 6 கட்டங்கள். 10 லட்சம் செயலிகளுக்கு 20 கட்டங்கள். அனுப்பப்படுவது வெறும் 8 பைட்தான் என்றாலும், அந்த எண் வராமல் அடுத்த வரியைக் கணக்கிட முடியாது. மிக மெதுவான செயலி வந்துசேரும் வரை மற்ற எல்லாரும் நிற்கிறார்கள். ஆனால் அந்த ஓர் எண்ணுக்குள்தான் கனசதுரம் முழுவதையும் பற்றிய செய்தி அடங்கியிருக்கிறது. ஜேக்கோபியிடம் அது இல்லை. 28,500 சுற்றுகள் 470 ஆனதற்குக் கொடுக்கும் விலை இதுதான். கொடுக்கத் தகுந்த விலை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்த விலையையும் குறைக்கப் பலர் உழைத்திருக்கிறார்கள். இந்த முறையை ஹெஸ்டினெஸ், ஸ்டீஃபெல் இருவரும் 1952-இல் வெளியிட்டபோது அது நேரடி முறையாகவே பார்க்கப்பட்டது. பெரிய ஐதான அணிகளுக்கான மறுசெய்கை முறையாக அதற்கு மறுவாழ்வு கொடுத்தது 1971-இல் வந்த ரீடின் ஆய்வு. க்ரோனோபௌலோஸ், கியர் இருவரும் 1989-இல், பல சுற்றுகளுக்கான உட்பெருக்கங்களை ஒன்றாகத் திரட்டி ஒரே முறை கூடிப் பேசும்படி அதை மாற்றி எழுதினார்கள். கைசெல்ஸ், வான்ரூஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட வடிவத்தில், உட்பெருக்கத்தின் கூட்டல் பின்னணியில் நடக்கும்போதே அடுத்த அணி–திசையன் பெருக்கல் தொடங்கிவிடுகிறது. இரண்டும் கணித அளவில் பழைய முறைக்குச் சமம். ஆனால் தோராயப் பிழைகள் அவற்றில் கூடுதலாகச் சேர்வதால், எட்டக்கூடிய துல்லியம் சற்றுக் குறையும். 64 செயலிகளில் உங்களுக்கு இவை தேவைப்படாது என்றே கருதுகிறேன். ஆயிரக்கணக்கான செயலிகளுக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமச்சீரற்ற அணிகளுக்கு 1986-இல் சாத், ஷுல்ட்ஸ் தந்த ஜிஎம்ரெஸ் முறை இருக்கிறது. அதில் சுற்று ஏற ஏற உட்பெருக்கங்களும் சேமிக்க வேண்டிய திசையன்களும் கூடிக்கொண்டே போவதால், சில பத்துச் சுற்றுகளுக்கு ஒருமுறை நிறுத்திப் புதிதாகத் தொடங்குவது வழக்கம்.

யாரும் யாருக்காகவும் காத்திருக்கவே வேண்டாம், கையில் இருக்கும் மதிப்பு பழையதாக இருந்தாலும் அதைக் கொண்டே போய்க்கொண்டிருக்கலாம் என்ற வழியும் உண்டு. 1969-இல் சசான், மிரங்கர் இருவரும் இதற்கான நிபந்தனையைக் கொடுத்தார்கள்: மறுசெய்கை அணியின் உறுப்புகளை எல்லாம் குறி நீக்கி எழுதினால் வரும் அணியின் நிறமாலை ஆரம் 1-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும், அப்படியிருந்தால், தாமதங்கள் ஓர் எல்லைக்குள் இருக்கும் வரை, எவ்வளவு ஒழுங்கின்றிப் புதுப்பித்தாலும் விடை குவியும். உங்கள் அணி இந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது. ஆனாலும் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. செயலிகளின் வேகம் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருக்கும் இடங்களில் இதற்கு மதிப்பு உண்டு. உங்களுடைய அடிப்படைச் சிக்கலோ காத்திருப்பு அல்ல, செய்தி மெதுவாகப் பரவுவது.

அதற்கான மருந்து முன்சீராக்கியில் இருக்கிறது. முன்சீராக்கி என்பது, ஒவ்வொரு சுற்றிலும் மீதத்தை எடுத்துக்கொண்டு மூல அணிக்கு நெருக்கமான, ஆனால் எளிதில் தீர்க்கக்கூடிய வேறோர் அணியைத் தீர்ப்பது. அதன் பலனாக ஐகன் மதிப்புகள் நெருங்கி வந்து சுற்றுகள் குறைகின்றன. ஒற்றைச் செயலியில் நன்றாக வேலை செய்யும் முழுமையற்ற பகுப்பு முறைகள் (அணியை இரு முக்கோண அணிகளாகத் தோராயமாகப் பிரிப்பவை) காஸ்–சைடலைப் போலவே வரிசையாக ஓடுபவை. அவற்றைச் சிவப்பு–கறுப்பு வரிசைக்கு மாற்றி இணையாக்கினால், சுற்றுகளின் எண்ணிக்கை கூடுகிறது. மேலே சொன்ன கொடுக்கல் வாங்கல் இங்கும் தப்பவில்லை. எளிய தொடக்கம் என்னவென்றால், ஒவ்வொரு செயலியும் தன் 15,625 மாறிகளைத் தனியாகத் தீர்ப்பது. இதைத் தொகுதி ஜேக்கோபி என்பார்கள். அண்டைப் பகுதியிலும் ஓரிரு அடுக்குகளைச் சேர்த்துத் தீர்த்தால் அது ஷ்வார்ட்ஸ் முறை. ஹெர்மான் ஷ்வார்ட்ஸ் 1870-இல், வட்டமும் செவ்வகமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில் தீர்வு உண்டு என்று நிறுவுவதற்காகக் கையாண்ட உத்தி, நூறாண்டுக்குப் பிறகு இணைக் கணினிகளுக்குப் பொருந்திப்போனது.

ஆனால் இவை இரண்டிலும் செயலிகளைக் கூட்டக் கூட்டப் பகுதிகள் சிறிதாகி, சுற்றுகள் மீண்டும் ஏறுகின்றன. ஒரு பகுதிக்குள் செய்தி உடனே பரவுகிறது. பகுதியிலிருந்து பகுதிக்கு மறுபடியும் ஒரு படிதான். இதைத் தீர்க்க, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாறி வீதம் 64 மாறிகள் மட்டும் கொண்ட ஒரு சிறு தொகுதியை உருவாக்கி, அதை நேரடி முறையில் தீர்த்து, அந்தத் திருத்தத்தை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். இந்தப் பருமட்டக் கட்டம் மூலைக்கு மூலை செய்தி கொண்டுபோகும் நெடுஞ்சாலை. இதையே 100, 50, 25 என்று பல அடுக்குகளாகச் செய்தால் பல்கட்ட முறை கிடைக்கிறது. ஃபெடோரென்கோ 1960-களில் தொடங்கியதை பிராண்ட் 1970-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதில் கட்டத்தின் அளவு என்னவாக இருந்தாலும் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமலே இருக்கும். கான்ஜுகேட் கிரேடியன்டுக்கு முன்சீராக்கியாக வைத்தால் உங்கள் 470 சுற்றுகள் ஒருசில பத்துகளாகவோ அதற்கும் கீழோ இறங்கும். மேல் அடுக்குகளில் மாறிகள் மிகக் குறைந்து பெரும்பாலான செயலிகள் சும்மா இருக்க நேரிடும் என்பது அதன் இணைநிலைக் குறை. அந்த அடுக்குகளை ஒருசில செயலிகளில் திரட்டிக்கொள்வது வழக்கம்.

இவற்றையெல்லாம் நீங்களே எழுத வேண்டாம். ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் பெட்ஸி, லாரன்ஸ் லிவர்மோரின் ஹைப்பர், சாண்டியாவின் ட்ரிலினோஸ் ஆகிய மூன்று நிரல் தொகுப்புகளிலும் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை உள்ளன. பெட்ஸியில் முறையையும் முன்சீராக்கியையும் ஓடும் நேரத்திலேயே கட்டளை வரியில் மாற்றிப் பார்க்க முடியும் என்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் தொகுதி ஜேக்கோபி, பிறகு ஹைப்பரின் பல்கட்ட முன்சீராக்கி என்ற வரிசையில் ஓட்டி, சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஒரு சுற்றுக்கான நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மடங்கு வேகமெடுத்தது என்ற விகிதத்தை மட்டும் பார்த்தால் ஜேக்கோபியே வெல்வதாகத் தோன்றும். விடை வரும் நேரத்தைப் பார்த்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும்.

ஓட்டும்போது ஒன்று உங்களைக் குழப்பக்கூடும். ஒரே நிரல், ஒரே தரவு, ஆனால் 1 செயலியிலும் 64 செயலிகளிலும் சுற்றுகளின் எண்ணிக்கை வேறாக வரும். விடையின் கடைசி இலக்கங்களும் மாறும். இதைப் பிழை என்று எண்ணி நிரலைத் துருவிக்கொண்டிருக்க வேண்டாம். தொகுதி ஜேக்கோபியில் செயலிகளின் எண்ணிக்கை மாறினால் முன்சீராக்கியே வேறாகிறது. முன்சீராக்கி இல்லாவிட்டாலும், கூட்டல் வரிசை மாறுவதே போதும்: 1-ஐத் தொடர்ந்து 16 சுழியங்கள் கொண்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, பிறகு அந்தப் பெரிய எண்ணைக் கழித்தால் 64 பிட் கணக்கில் 0 வரும், முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1-ஐக் கூட்டினால் 1 வரும். ஆகவே இரண்டு ஓட்டங்களின் விடைகளும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல், நீங்கள் கேட்ட துல்லியத்துக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அந்தத் துல்லியத்தை நிர்ணயிக்கும்போதும் கவனம் வேண்டும்: நிரல் பார்ப்பது மீதத்தை, உங்களுக்குத் தேவையோ பிழை. உங்கள் அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்புக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 4,100. ஒப்பீட்டு மீதம் கோடியில் ஒரு பங்காக இறங்கிய நிலையிலும் ஒப்பீட்டுப் பிழை அதைவிட அத்தனை மடங்கு, அதாவது 10,000-இல் 4 பங்கு வரை, இருக்க இடமுண்டு.